7 கிலோவோல்ட் தாங்கும் டேப் இருக்க 0.4 மில்லிமீட்டர் எதற்கு?

மெயின்ஸில் ஓடும் சாதனத்துக்குள் சில இடங்களில் இன்சுலேஷன் குறைந்தது 0.4 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும் என்று பாதுகாப்புத் தரநிலை கேட்கும். ஆனால் 25 மைக்ரான் (0.025 மிமீ) பாலிஇமைட் ஃபிலிமின், அதாவது சூடு தாங்கும் இன்சுலேஷன் டேப் செய்யும் மெல்லிய பிளாஸ்டிக்கின், டேட்டாஷீட்டைப் பார்த்தால் சுமார் 7 கிலோவோல்ட் தாங்கும் என்று போட்டிருக்கும். நம்மிடம் இருப்பதோ வெறும் 230 வோல்ட், ஒரு சுற்று சுற்றினால் போதாதா? போதாது. அந்த எண் சுத்தமான ஒரு சின்னத் துண்டைக் கொஞ்ச நேரம் சோதித்து எடுத்தது. ஊசித்துளை, கூரான சாலிடர் முனை, வருடக்கணக்கில் வாங்கும் சூடு எதுவும் அதில் சேரவில்லை. தடிமனை இரட்டிப்பாக்கினால் தாங்கும் வோல்ட்டேஜும் இரட்டிப்பாகிவிடாது, அதனால் மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோவோல்ட் என்று பெருக்கிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

முதலில் வோல்ட்டேஜ். 230 என்பது ஆர்எம்எஸ் (ஏசியின் பயனுறு மதிப்பு), அலையின் உச்சம் 325. எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) டிரான்ஸ்ஃபார்மரில் பிரைமரிக்கும் (மெயின்ஸ் பக்கச் சுற்று) செகண்டரிக்கும் (வெளியீட்டுப் பக்கச் சுற்று) நடுவே அதையும் தாண்டும், ஆசிலோஸ்கோப் வைத்து அளந்துவிடுங்கள்.

அப்புறம், அந்த இன்சுலேஷனுக்கு என்ன வேலை என்று பாருங்கள். வெளியே உலோகப் பெட்டி எர்த் ஆகியிருந்தால் உள்ளே பேசிக் இன்சுலேஷன் (ஷாக்கைத் தடுக்கும் அடிப்படைக் காப்பு) போதும், அதற்குப் பெரும்பாலும் தடிமன் வரம்பு இல்லை, உயர் வோல்ட்டேஜ் டெஸ்ட்டில் தேறினால் சரி. எர்த் இல்லாமல், மெயின்ஸுக்கும் கை படும் இடத்துக்கும் நடுவே அது ஒன்றுதான் என்றால் ரீஇன்ஃபோர்ஸ்டு (இரட்டைக் காப்புக்குச் சமமான பலமான காப்பு) வேண்டும். ஒற்றை அடுக்காகப் போட்டால், ஆடியோ, வீடியோ, கம்ப்யூட்டர் சாதனங்களுக்கான ஐஇசி 62368-1 தரநிலை குறைந்தது 0.4 மிமீ கேட்கும். வீட்டு உபயோகப் பொருட்களுக்கான 60335-1 இன்னும் கறார், 2 மிமீ. ஒன்றுக்குப் படித்ததை இன்னொன்றில் போட்டு மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

மெல்லிய ஃபிலிமே வேண்டுமா? பெட்டிக்குள், கை படாத இடமென்றால் 62368-1 வழி விடுகிறது: இரண்டு அடுக்கு போட்டு ஒவ்வொன்றும் தனியாக முழு டெஸ்ட் வோல்ட்டேஜைத் தாங்க வேண்டும், அல்லது மூன்று அடுக்கில் எந்த இரண்டை எடுத்தாலும் சேர்ந்து தாங்க வேண்டும். ஒரு அடுக்கில் ஊசித்துளை இருந்தாலும் அதே இடத்தில் அடுத்ததிலும் இருக்க வாய்ப்புக் குறைவு, அவ்வளவுதான் கணக்கு. 230 வோல்ட் ரீஇன்ஃபோர்ஸ்டுக்கு வழக்கமான டெஸ்ட் 3000 வோல்ட் ஏசி, 1 நிமிடம்.



டேப்பின் ஓரத்தைத்தான் பலரும் மறப்பார்கள். நடுவில் எத்தனை அடுக்கு சுற்றினாலும் மின்சாரம் ஓரத்தைச் சுற்றி மேற்பரப்பில் ஊர்ந்து வந்துவிடும், அந்தத் தூரத்துக்கு க்ரீபேஜ் என்று பெயர். சாதாரண பிளாஸ்டிக், பொல்யூஷன் டிகிரி 2 (வீடு, அலுவலகம் போன்ற இடங்களின் சாதாரணத் தூசி) என்றால் 250 வோல்ட் ரீஇன்ஃபோர்ஸ்டுக்கு அது 5 மிமீ. பாபினில் (டிரான்ஸ்ஃபார்மர் கம்பியைச் சுற்றும் பிளாஸ்டிக் சட்டம்) டேப்பை ஓரம் வரை இழுத்து ஒட்டும்போதே ஸ்கேலை வைத்துப் பார்த்துவிடுங்கள், வார்னிஷ் போட்ட பிறகு பிரிப்பது பெரும் அவஸ்தை.