மந்திரி என்றால் எந்தக் காய்? செஸ் கிளப்பில் ஆட சில மாற்று ஆட்டங்கள்

மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ நம்மவர்கள் கூடும் செஸ் மேசையில் காய்களுக்கு ரெண்டு ரெண்டு பெயர் புழங்கும். நம்மில் பலருக்கு மந்திரி என்றால் பிஷப். மும்பைப் பள்ளியில் ஆடிப் பழகிய பிள்ளைக்கு பிஷப் ‘ஊண்ட்’ (ஒட்டகம்), ராணிதான் ‘வஜீர்’, அதாவது மந்திரி. தனியாக ஆடும்போது இதனால் ஒன்றும் ஆகாது. ஜோடி ஆட்டத்தில் “மந்திரி கொடு” என்று கத்தினால் தப்பான காய் வந்து சேரும். அதனால் ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்று எல்லோருக்கும் பொதுவாகப் பெயரை முடிவு செய்துவிட்டு உட்காருங்கள்.

பக்ஹவுஸ்

ஒரு சாயங்காலத்துக்கு ஒரே ஆட்டம்தான் என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். நாலு பேர், ரெண்டு போர்டு, ரெண்டு கிளாக் வேண்டும். காய்கள் ரெண்டு செட்டிலும் ஒரே அளவாக இருக்கட்டும். போர்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிளாக்குகளை வெளி ஓரங்களில் வையுங்கள்; காய் கைமாற நடுவில் இடம் வேண்டும். ஒரே பக்கம் உட்காரும் இருவர் ஜோடி, ஒருவர் வெள்ளை, மற்றவர் கறுப்பு. வெள்ளை ஆடுபவர் வெட்டுவது கறுப்புக் காய், அது அப்படியே கறுப்பு ஆடும் ஜோடிக்குப் போகும். நிறம் தானாகப் பொருந்திவிடும்.

கைக்கு வந்த காயை, உங்கள் முறை வரும்போது, நகர்த்துவதற்குப் பதிலாக ஏதாவது காலிக் கட்டத்தில் வைக்கலாம். சிப்பாயை மட்டும் முதல் வரிசையிலும் எட்டாம் வரிசையிலும் வைக்கக் கூடாது. எட்டாம் வரிசைக்குப் போய் ராணியான சிப்பாய் வெட்டுப்பட்டால் சிப்பாயாகத்தான் கைமாறும். எது அசல் ராணி என்ற தகராறு வராமலிருக்க அதைப் படுக்க வைத்துவிடுங்கள். ஒரு போர்டில் ஆட்டம் முடிந்தால் ரெண்டும் முடிந்தது.

ஆளுக்கு 5 நிமிடம், இன்கிரிமென்ட் (நகர்வுக்கு நகர்வு சேரும் கூடுதல் விநாடி) கிடையாது. நல்ல காய் வரட்டும் என்று நகர்த்தாமல் காத்திருப்பதும் இதில் ஒரு உத்தி. அதற்கு விலை ஓடும் கிளாக்தான். நகர்வுக்கு 2 விநாடி சேர்த்துக் கொடுத்தால் அந்த விலை குறைந்து ஆட்டம் இழுக்கும்.

தகராறு வருவது பெரும்பாலும் செக்மேட்டில். தூரத்திலிருந்து வரும் செக்கை, கையில் காய் இல்லாவிட்டாலும், ஜோடி ஏதாவது கொடுத்தால் நடுவில் வைத்துத் தடுக்கலாம். ஆகவே அதை செக்மேட்டாக எண்ணாமல் காத்திருக்க விடுவது பரவலான விதி. குதிரைச் செக்கையும் ராஜாவை ஒட்டி வரும் செக்கையும் அப்படித் தடுக்க முடியாது. இதனால்தான் இங்கே குதிரைக்கு விலை ஏறுகிறது, யானைக்கு இறங்குகிறது. எதிராளியிடம் குதிரையை இழக்கும் முன் ஜோடியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது ஜோடியின் ராஜாவுக்குப் பக்கத்தில், எஃப்7 கட்டத்தில் வந்து இறங்கலாம்.

கையிலிருக்கும் காய்கள் மேசை மேல் தெரியும்படி இருக்க வேண்டும். மடியில் மறைத்து வைத்தால் ஆட்டம் போனதாகச் சொல்லிவிடுங்கள். ஒரு தடவை சொன்னால் போதும்.

செஸ்960

முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் 1996-ல் அறிவித்தது. பின்வரிசைக் காய்கள் இடம் மாறும், அதனால் மனப்பாடம் செய்த ஓப்பனிங் (தொடக்க நகர்வுகள்) எதற்கும் உதவாது. வரிசையை முடிவு செய்ய ஒரு லூடோ பகடை போதும் (தாயக்கட்டைக்கு ஆறு முகம் இல்லை). எப்போதும் வெள்ளையின் இடமிருந்து எண்ணுங்கள்.

முதல் வரிசையின் 4 கறுப்புக் கட்டங்களில் ஒரு பிஷப், 4 வெள்ளைக் கட்டங்களில் மற்றது. 5, 6 விழுந்தால் மறுபடி உருட்டுங்கள். மீதி 6 கட்டங்களில் ராணி, மீதி 5-ல் ஒரு குதிரை, மீதி 4-ல் இன்னொன்று. கடைசியாக எஞ்சும் மூன்றில் யானை, ராஜா, யானை. 2, 4, 5, 1, 3 என்று விழுந்தால் வரிசை: குதிரை, யானை, பிஷப், ராஜா, குதிரை, ராணி, யானை, பிஷப். கறுப்பு அதையே நேர் எதிரில் அடுக்க வேண்டும்.

காஸ்லிங்கில்தான் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது) எல்லோரும் தடுமாறுவார்கள். ராஜா எங்கிருந்து கிளம்பினாலும் வழக்கமான சி அல்லது ஜி கட்டத்தில் போய் நிற்கும், யானை டி அல்லது எஃப்-ல். மேலே சொன்ன வரிசையில் இடப்பக்கம் காஸ்லிங் செய்தால் ராஜா டி-யிலிருந்து சி-க்கு ஒரே கட்டம் நகர்கிறது, யானை பி-யிலிருந்து டி-க்குத் தாவுகிறது. ராஜாவை மட்டும் நகர்த்திக் கிளாக்கை அமுக்கினால் அது சாதா நகர்வாகிவிடும். ராஜாவைப் போர்டுக்கு வெளியே எடுத்து வைத்து, யானையை அது போய் நிற்க வேண்டிய கட்டத்தில் வைத்து, பிறகு ராஜாவை வையுங்கள், குழப்பமே வராது.

காய் கொடுக்கும் ஆட்டம்

தன் காய் எல்லாவற்றையும் முதலில் இழப்பவர் வென்றார். வெட்ட முடிந்தால் வெட்டியே ஆக வேண்டும், எதை என்பது உங்கள் இஷ்டம். செக் கிடையாது, ராஜாவும் வெட்டுப்படும். நகர வழியில்லாதவருக்கு வெற்றியா, இல்லையா என்பது இடத்துக்கு இடம் மாறும், முன்பே பேசிக்கொள்ளுங்கள். இ4 என்று ஆரம்பிப்பது பொறி: கறுப்பு பி5 என்று சிப்பாயைத் தள்ளினால் வெள்ளை பிஷப் அதை வெட்டியே ஆக வேண்டும், அதற்கப்புறம் கடிவாளம் கறுப்பின் கையில். இ3 என்று தொடங்கினால் வெள்ளைக்கு வெற்றி உறுதி என்று 2016-ல் கணினி வைத்து நிரூபித்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.

நேரம் குறைவு என்றால் மூன்று செக் ஆடலாம்: மூன்றாவது செக் சொன்னவர் ஜெயித்தார். எண்ணிக்கை மறக்காமலிருக்க ஆளுக்கு மூன்று நாணயம் வைத்து, செக்குக்கு ஒன்றாக எடுங்கள். புதியவரும் தேர்ந்தவரும் கலந்து வந்திருந்தால், ஜோடியில் ஒருவர் எந்தக் காய் என்று மட்டும் சொல்லட்டும், எங்கே என்பதை மற்றவர் முடிவு செய்யட்டும். தேர்ந்தவர் காயைச் சொல்வதே நல்லது. மாற்றி வைத்தால் புதியவர் சும்மா உட்கார்ந்திருப்பார்.

பக்ஹவுஸ் ஆடிய நாளில் ரெண்டு செட்டும் கண்டிப்பாகக் கலந்திருக்கும். காய்களின் அடியில் செட்டுக்கு ஒரு நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டி, பையை மூடும் முன் முப்பத்திரண்டும் இருக்கிறதா என்று எண்ணுங்கள்.