பாய்லரின் ஹேண்ட் ஹோல் மூடியை உள்ளே விழவிடாமல் கழற்ற ஒரு கைக்கருவி

சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர் வட்டாரங்களில் நெல் அவிக்கும் ஆலைகளிலும், மதுரை நகரைச் சுற்றியுள்ள சாயப் பட்டறைகளிலும், கப்பலூர் தொழிற்பேட்டையின் சிறு ஆலைகளிலும் இயங்கும் பாய்லர்களுக்குப் பொதுவாக 12 மாதத்துக்கு ஒரு முறை ஆய்வு நடக்கிறது. அந்த ஆய்வுக்கு முன்பு பாய்லரை ஆறவைத்து, நீரை வடித்து, ஹேண்ட் ஹோல் (கை நுழையும் சிறு துளை) மூடிகளையும் மேன் ஹோல் (ஆள் நுழையும் பெரிய துளை) மூடியையும் கழற்றி, உள்ளே படிந்த உப்பையும் சேற்றையும் எடுத்துச் சுத்தம் செய்து வைக்க வேண்டும். நம் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமாக இருப்பதால், நீர்ச் சுத்திகரிப்பில் சிறிது கவனம் தப்பினாலும் அடிப்பக்கத்து ஹேண்ட் ஹோல்களுக்குள் படிவு கைப்பிடி கைப்பிடியாக வரும். இந்த வேலை முழுவதிலும் மிகச் சிறியதாகத் தோன்றுவது மூடியைக் கழற்றும் பகுதிதான்; ஆனால் எதிர்பாராமல் ஒரு நாளையே விழுங்கிவிடுவதும் அதுவே.

ஹேண்ட் ஹோல் மூடி வெளியிலிருந்து வைத்து மூடப்படுவதில்லை. துளை நீள்வட்டமாக இருக்கும். அதைவிடச் சற்றுப் பெரிய நீள்வட்டத் தகடு, பாய்லரின் உட்பக்கத்திலிருந்து, கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டோடு துளையின் விளிம்பில் அமர்கிறது. தகட்டின் நடுவிலிருந்து ஸ்டட் என்னும் மரையிட்ட தண்டு ஒன்று வெளியே நீண்டிருக்கும். துளைக்குக் குறுக்கே இரண்டு கால் ஊன்றி நிற்கும் பிரிட்ஜ் வழியாக அது வந்து, ஒரு நட்டால் இறுக்கப்படும். பாய்லர் ஓடும்போது மூடியை அழுத்திப் பிடித்திருப்பது நீராவியே. 115 மி.மீ. நீளமும் 90 மி.மீ. அகலமும் உள்ள துளையின் பரப்பு ஏறத்தாழ 81 சதுர சென்டிமீட்டர்; பாய்லரில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தம் இருந்தால், அந்தச் சிறு மூடியை 800 கிலோவுக்கு மேற்பட்ட விசை உள்ளிருந்து வெளிநோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் ஓட்டத்தில் அது பாதுகாப்பான அமைப்பு. அழுத்தம் இல்லாத பாய்லரிலோ நிலைமை தலைகீழாகிவிடுகிறது. அப்போது மூடியைத் தாங்குவது அந்த ஒற்றை நட்டு மட்டுமே. நட்டைக் கழற்றிய கணத்தில் கேஸ்கட் விட்டுவிட்டால், ஒன்று ஒன்றரைக் கிலோ எடையுள்ள தகடு உள்ளே போய்விடும்.

சோழவந்தான் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் என் கையிலிருந்தே அப்படி ஒரு மூடி நழுவியது. அது நிமிர்ந்து நிற்கும் வகைப் பாய்லர். நெருப்பறையைச் சுற்றியுள்ள குறுகிய நீர்ப்பகுதிக்குள் தகடு இறங்கி, சேற்றில் பாதி புதைந்து நின்றது. பக்கத்துத் துளை வழியாகக் காந்தத்தையும் வளைத்த கம்பியையும் விட்டு அதை எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒரு லேத் பட்டறையில் உட்கார்ந்து, கீழே விவரிக்கும் இரண்டு துண்டுக் கருவியைச் செய்துகொண்டேன். பாய்லர் வைத்திருக்கும் ஒவ்வோர் ஆலையிலும் இது ஒன்று தொங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் துண்டு டி கைப்பிடி. மூடியின் ஸ்டட்டில் மரை ஏறும் ஒரு நட்டை, 200 மி.மீ. நீளமுள்ள முக்கால் இன்ச் இரும்புப் பைப்பின் ஒரு முனையில் வெல்டிங் செய்து, மறுமுனையில் 12 மி.மீ. ராடு ஒன்றைக் குறுக்கே வைத்துப் பற்றவைத்தால் போதும். எம் 16 (16 மி.மீ. விட்ட ஸ்டட்டுக்கான) நட்டின் வெளியளவு இந்தப் பைப்பின் வாயோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். பைப்பின் உள்விட்டம் 20 மி.மீ.க்கு மேல் இருப்பதால் நீளமான ஸ்டட்டும் தடையின்றி உள்ளே போகும். கறுப்புப் பைப்பையே பயன்படுத்துங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் செய்தால் எழும் புகை நுரையீரலுக்குக் கேடு. வெல்டிங் பொறி மரையில் ஒட்டாமல் இருக்க, கிரீஸ் தடவிய பழைய போல்ட்டு ஒன்றை நட்டுக்குள் ஏற்றி வைத்துக்கொண்டு வேலையை முடித்து, ஆறிய பின் டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு மரையைச் சுத்தம் செய்ய வேண்டும். குறுக்கு ராடில் ஒரு வளையத்தையும் பற்றவையுங்கள். பாதுகாப்புக் கயிறு கட்ட அது தேவைப்படும்.

நட்டைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. பழைய பாய்லர்களின் ஸ்டட்டுகள் பல அங்குல அளவில் இருக்கும். பட்டறையில் அஞ்சு நூல் என்று சொல்லும் ஸ்டட், அதாவது அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, ஏறத்தாழ 15.9 மி.மீ. விட்டம் கொண்டது, கண்ணுக்கு எம் 16 போலவே தெரியும். ஆனால் விட்வொர்த் என்னும் பழைய அங்குல மரையில் அது அங்குலத்துக்கு 11 சுற்று, எம் 16 மரையின் இடைவெளியோ 2 மி.மீ. ஒன்றின் நட்டு மற்றொன்றில் ஓரிரு சுற்று ஏறி, பிறகு இறுகி நின்றுவிடும். ‘துருவாக இருக்கும்’ என்று நினைத்து ஸ்பானர் போட்டு அழுத்தினால், சிதைவது மாற்றுவதற்குச் சிரமமான ஸ்டட்டின் மரைதான். ஆகவே பாய்லரின் சொந்த நட்டை மாதிரியாகக் கொண்டுபோய், மரை அளவியை வைத்துப் பார்த்து, அதே வகை நட்டை வாங்கி வெல்டிங் செய்யுங்கள்.

இரண்டாவது துண்டை நாங்கள் கவ்வை என்று அழைக்கிறோம். 40 மி.மீ. அகலமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள இரும்புப் பட்டையை 220 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையிலிருந்து நடுவாக 100 மி.மீ. ஆழத்துக்குப் பிளவு எடுக்க வேண்டும். எம் 16 ஸ்டட்டுக்கு அந்தப் பிளவின் அகலம் 14 மி.மீ.; மரைப் பள்ளத்தின் அடியில் ஸ்டட்டின் விட்டம் ஏறத்தாழ 13.5 மி.மீ. என்பதால் இந்த அளவு பொருந்தும். பிளவின் இரண்டு உள்விளிம்புகளையும் அரத்தால் இருபுறமும் சரித்துக் கூர்மையாக்கினால், அவை மரைப் பள்ளத்துக்குள் இறங்கி ஸ்டட்டைக் கவ்விக்கொள்ளும். பிரிட்ஜின் வளைவுக்கு அடியில், அதன் இரண்டு கால்களுக்கு நடுவே, ஸ்டட்டின் ஒரு பகுதி எப்போதும் வெளியே தெரியும். கவ்வையைப் பக்கவாட்டில் அந்த இடைவெளியில் செலுத்தி ஸ்டட்டில் மாட்டினால், அதன் இரு விரல்களும் துளையைத் தாண்டி மறுபக்கத்துப் பாய்லர் தகட்டின் மேல் படிய வேண்டும். அதன் பிறகு நட்டையும் பிரிட்ஜையும் முழுதாக எடுத்தாலும் மூடி உள்ளே போக முடியாது. கருவியின் உயிர் இந்தத் துண்டில்தான் இருக்கிறது. கைப்பிடி மட்டும் செய்துகொண்டால், நட்டைக் கழற்றுவதற்கும் கைப்பிடியை மாட்டுவதற்கும் இடைப்பட்ட ஒரு நொடியில் மூடி நம் பிடியில் இல்லாமல் போய்விடும். சில மூடிகளில் ஸ்டட்டின் அடிப்பகுதிக்கு மரை இருக்காது. அங்கே கவ்வை பிடிக்காது. ஸ்டட்டைக் கவ்வும் பூட்டுக் குறடு ஒன்றை அதே இடத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

கருவிக்காகப் பாய்லர் உடலில் துளையிடுவதோ, எதையும் பற்றவைப்பதோ கூடாது. பாய்லரின் அமைப்பில் மாற்றம் செய்யத் தலைமை ஆய்வாளரின் அனுமதி வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுப் பாய்லர் சட்டம் முதலே உள்ள விதி. அறுந்த ஸ்டட்டை மூடியில் புதிதாகப் பற்றவைக்க நேர்ந்தாலும், அதைத் தெருமுனைப் பட்டறையில் முடித்துக்கொள்ளாமல் முறையாகச் செய்ய வேண்டும்.

இனி கழற்றும் முறை. உமி அடுப்பு அணைந்த பிறகும் செங்கற்கட்டு வெகுநேரம் சூட்டை வைத்திருக்கும். அந்தச் சூட்டில் நீரை வடித்தால் உள்ளிருக்கும் சேறு குழாய்களின் மேல் சுட்ட மண்ணாக ஒட்டிக்கொள்ளும். பிறகு உளியைத் தவிர எதற்கும் அது மசியாது. எனவே தானாக ஆறவிடுங்கள். உடலைத் தொட்டால் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே வடிக்கலாம். மெயின் ஸ்டீம் வால்வு, நீரேற்றும் வால்வு ஆகியவற்றை அடைத்துப் பூட்டி, பம்ப்பின் மின்சாரத்தைத் துண்டியுங்கள். இரண்டு பாய்லர்கள் சேற்றுநீரை வெளியேற்றும் ஒரே புளோ டவுன் குழாயில் சேர்ந்திருந்தால், வடித்து முடித்ததும் அந்த இணைப்பைத் துண்டிக்க மறக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் பாய்லரின் கொதிநீர் அந்த வழியாகத் திரும்பி வரக்கூடும்.

பிரஷர் கேஜ் முள் பூஜ்யத்தில் நிற்பதை மட்டும் நம்பாமல், மேலே உள்ள காற்று வால்வைத் திறந்து வையுங்கள். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சிறிதளவு அழுத்தம் மிச்சமிருந்தால் கேஜ் காட்டாமல் போகலாம். நீர் 100 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது மூடி விலகினால் அது ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். மற்றது வெற்றிடம். எல்லா வால்வுகளும் அடைத்த நிலையில் பாய்லர் ஆறினால், உள்ளே நீராவி குளிர்ந்து சுருங்கி வெற்றிடம் உண்டாகும்; அப்போது வெளிக்காற்று நாம் சொன்ன அந்தச் சிறு மூடியை 80 கிலோ வரையிலான விசையோடு உள்நோக்கித் தள்ளும். நட்டு தளர்ந்ததும் மூடி ‘டக்’கென்று உள்ளே இழுபட்டால், பெரும்பாலும் யாரோ காற்று வால்வைத் திறக்க மறந்திருப்பார்கள்.

எப்போதும் மேலே உள்ள ஹேண்ட் ஹோலில் தொடங்கிக் கீழே வாருங்கள். முதல் நாளே ஸ்டட்டில் ஊடுருவும் எண்ணெய் விட்டு வைத்திருந்தால் நட்டு இளகும். துளைக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று, நட்டை மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்துங்கள், கழற்றிவிட வேண்டாம். பிரிட்ஜ் இடத்திலேயே இருக்கட்டும். பிறகு பித்தளைச் சுத்தியலால் ஸ்டட்டின் முனையில் அளவாகத் தட்டினால், கேஸ்கட்டின் பிடி விட்டு, மூடி சில மில்லிமீட்டர் உள்ளே போய் நட்டின் பலத்தில் நிற்கும். மிச்ச நீர் இருந்தால் இந்தச் சிறு இடைவெளி வழியாகவே கசிந்து வெளியேறிவிடும். தட்டியும் அசையவில்லை என்றால், மூடிக்கும் பாய்லருக்கும் இடையில் உளியை நுழைக்காதீர்கள். அமரும் விளிம்பில் விழும் ஒரு கீறல் பல ஆண்டுகளுக்குக் கசிவாகத் தொடரும். காற்று வால்வை மறுபடி பார்த்துவிட்டு, ஸ்டட்டின் முனையில் மரக்கட்டையை வைத்துச் சற்று அழுத்தமாகத் தட்டுங்கள்.

மூடி இளகியதும் கவ்வையைச் செலுத்தி ஸ்டட்டில் மாட்டுங்கள். நட்டையும் பிரிட்ஜையும் எடுங்கள். கைப்பிடியை ஸ்டட்டில் குறைந்தது ஐந்தாறு மரை ஏறும்வரை கையாலேயே திருகி, அதன் வளையத்தில் கயிறு கட்டி, மறுமுனையை வெளியே உறுதியான ஓர் இடத்தில் முடிந்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் கவ்வையை உருவ வேண்டும். இப்போது மூடியைச் சற்று உள்ளே தள்ளி, கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் மூடியின் குறுகிய அகலம் துளையின் நீளப் பக்கத்துக்கு நேராக வந்துவிடும். பிறகு கைப்பிடியைப் பக்கவாட்டில் சாய்த்தால் தகட்டின் ஒரு விளிம்பு துளை வழியாக எட்டிப் பார்க்கும். அதை மறுகையால் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே எடுக்கலாம். வெப்பக் காப்புப் போர்வை தடிமனாக உள்ள பாய்லரில் கைப்பிடி அதில் இடிக்கும். நீளத்தை 200 மி.மீ.க்கு மேல் வைக்க வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான். கைப்பிடியை மரையின் எதிர்த்திசையில் திருப்பிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். எப்போதும் இறுகும் பக்கமாகவே கால் சுற்று அமையட்டும்.

கழற்றிய ஒவ்வொரு மூடிக்கும் அதன் துளைக்கும் ஒரே எண்ணைப் பெயின்ட்டால் எழுதி, மேல்பக்கம் எது என்று ஒரு கோடும் போடுங்கள். பழைய பாய்லர்களில் இரண்டு மூடிகள் அச்சாக ஒன்றுபோல் இருப்பது அரிது.

மேன் ஹோல் மூடிக்கு இந்தக் கருவியைப் பயன்படுத்தக் கூடாது. 400க்கு 300 மி.மீ. துளையின் மூடி 20 கிலோ அளவுக்கு வரும். அதைக் கயிறோ செயின் பிளாக்கோ போட்டு இருவராகத்தான் இறக்க வேண்டும்.

திரும்ப மாட்டும்போதும் கவ்வை உதவும். பழைய பாய்லரின் பழைய கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. அதை உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசி பறக்கவிடாமல், நன்றாக நனைத்து எடுத்துப் பையில் கட்டுங்கள். மூடியும் துளையின் விளிம்பும் பளிச்சென்று வரும்வரை துடைத்து, சரியான அளவுள்ள புதிய கேஸ்கட்டைப் போட்டு, மூடியைக் கைப்பிடியோடு உள்ளே விட்டு அமர்த்தி, கவ்வையை மாட்டிய பிறகே கைப்பிடியைக் கழற்றிப் பிரிட்ஜையும் நட்டையும் போட வேண்டும். துளைக்குள் நுழையும் மூடியின் மேடு துளைக்கு நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். சுற்றிலும் இடைவெளி 1.5 மி.மீ. அளவைத் தாண்டினால், கேஸ்கட் பிதுங்கி வெடித்துக் கிளம்ப வழி உண்டு. கவ்வையை உருவிவிட்டு நட்டை இறுக்குங்கள்.

நீர் நிரப்பிக் கசிவு பார்த்த பின், முதல் தீ மூட்டும்போது பாய்லர் வெதுவெதுப்பாகும் கட்டத்தில், அழுத்தம் ஏறுவதற்கு முன், நட்டுகளை இன்னொரு முறை இறுக்க வேண்டும். கேஸ்கட் சூட்டில் சற்று அமர்ந்து கொடுத்திருக்கும். அழுத்தம் ஏறிய பிறகு ஏதேனும் மூடி கசிந்தால் ஸ்பானரை எடுக்காமல் தீயை அணைத்து, அழுத்தத்தை இறக்கி, ஆறவைத்துப் பாருங்கள். கவ்வையின் கூர் விளிம்பு மழுங்கியிருந்தால் அன்றே அரம் போட்டு, கைப்பிடியின் மரையில் எண்ணெய் தடவி, அந்தப் பாய்லரின் ஸ்டட் அளவைக் கைப்பிடியிலேயே பஞ்ச் செய்து, பாய்லர் அறைச் சுவரில் மாட்டி வையுங்கள்.