அரியமான் முதல் காரங்காடு வரை: கடற்கரை நிழற்குடையை முன்கூட்டியே பிடித்து வைப்பது எப்படி

குடும்பத்தோடு கடற்கரைக்குக் கிளம்புகிறவர்கள் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கிற அளவுக்கு நிழலைப் பற்றி யோசிப்பதில்லை. ராமநாதபுரத்துக் கரையில் பகல் 11 மணிக்கு மேல் மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கிற கூட்டத்துக்குக் கூரை இல்லையென்றால் சாப்பிட்ட கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். கரையில் கட்டி வைத்திருக்கிற நிழற்குடைக் கூரையைப் பிடிப்பது பெரிய வேலையில்லை. ஆனால் எந்தக் கடல், யார் பொறுப்பு, எந்தத் தேதி என்கிற மூன்றையும் இதே வரிசையில் முடிவு செய்ய வேண்டும். பலரும் தேதியில் தொடங்குவதால்தான் தவறுகிறது.

முதலில் கடல். நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். மண்டபத்துக்கும் ராமேசுவரத்துக்கும் வடக்கே இருப்பது பாக் நீரிணைப் பக்கம், மீனவர்கள் சொல்கிற வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, தென்கடல். ஒன்று கொந்தளிக்கும்போது மற்றது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது தென்கடல் கரையில் பாயை விரித்தால் சோற்றில் மணல் விழும். தனுஷ்கோடிச் சாலையையே மணல் மூடுகிற காலம் அது. அந்த மாதங்களில் வடகடல் பக்கம் பாருங்கள். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே பிரிகிற அரியமான் கடற்கரை அதற்குத் தோதானது. சவுக்குத் தோப்பு காற்றைத் தடுக்கும், அலையும் குறைவு. ஐப்பசிக்குப் பிறகு வாடை திரும்பினால் நிலைமை தலைகீழ். வடகடல் கலங்கி, கடல்தாழை குவியலாகக் கரை ஒதுங்கி அழுகி நாறும். மாசியிலிருந்து சித்திரை வரை இரண்டு பக்கமும் ஓரளவு அமைதி. எங்களைக் கேட்டால் கூட்டமாகப் போக மாசி, பங்குனியைவிட நல்ல காலம் கிடையாது.

அடுத்து, கூரை யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஊராட்சி கட்டியது, ஊராட்சி ஒன்றியம் கட்டியது, சுற்றுலாத் துறை கட்டியது, வனத்துறை கட்டியது என்று ஒரே கரையில் பக்கத்துப் பக்கத்துக் கூரைக்குக்கூட வேறு வேறு சொந்தக்காரர்கள் இருக்கலாம். கட்டடத்தில் பதித்திருக்கிற கல்வெட்டையோ பெயின்டில் எழுதிய திட்டப் பெயரையோ படித்தால் எந்த நிதியில் கட்டியது என்பது தெரியும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அலுவலகத்தில் காட்ட உதவும். நுழைவாயிலில் வாகனக் கட்டணம் வாங்குகிறவர் பெரும்பாலும் குத்தகைதாரரின் ஆள். அவருக்கு வசூலிக்க உரிமை உண்டு, கூரையை ஒதுக்கித் தர உரிமை இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. “நான் பார்த்துக்கிறேன், வாங்க” என்று அவர் சொன்னதை நம்பி வேனைக் கிளப்பி வந்தவர்கள் வெயிலில் நிற்பதுண்டு. இன்னொன்று, இந்தக் குத்தகைகள் பொதுவாக ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கானவை. மார்ச்சில் முன்பணம் கொடுத்துவிட்டு ஏப்ரலில் போனால் அங்கே வேறு ஆள் உட்கார்ந்திருப்பார், பழையவர் எழுதிக் கொடுத்த சீட்டு அவருக்குச் செல்லாது. சித்திரைத் திருவிழா விடுமுறைக்குத் திட்டமிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

ஊராட்சிக் கூரை என்றால் நேரில் போய்ப் பார்க்க வேண்டியது ஊராட்சிச் செயலர். பதிவேடும் ரசீதுப் புத்தகமும் அவரிடம்தான் இருக்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர் பொறுப்பில் வட்டார வளர்ச்சி அலுவலர் இருப்பார், மனுவை அவர் பெயருக்கே எழுதலாம். வனத்துறை இடங்கள் வேறு மாதிரி. தொண்டிப் பக்கம் காரங்காட்டு அலையாத்திக் காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகுச் சவாரி நடத்துகிறார்கள். அங்கே கூட்டமாகப் போவதென்றால் படகு, சாப்பாடு, உட்காரும் இடம் மூன்றையும் ஒன்றாகவே பேசிவிடுங்கள். ஊர்ப் பெண்கள் சமைக்கிற மீன் சாப்பாட்டுக்கு ஆள் கணக்கை முன்பே சொல்லியாக வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. “தீவில் இறக்கி விடுகிறேன், அங்கேயே சமைத்துச் சாப்பிடலாம்” என்று யாராவது படகுக்காரர் சொன்னால் மறுத்துவிடுங்கள், வழக்கு உங்கள் மேலும் வரும். தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரை போய்ப் பார்த்துத் திரும்பலாம், ஆனால் நாள் முழுக்கத் தங்குகிற இடமல்ல. நிழல் கிடையாது, மாலையில் போலீஸ் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

மனு கொடுப்பதற்கு முன் ஒரு நாள் அதே இடத்துக்கு அதே நேரத்தில் போய் நின்று பாருங்கள். இழுநாடாவைக் கொண்டு போங்கள். தரையில் வட்டமாக உட்கார்ந்து பேச ஆளுக்கு 6 முதல் 8 சதுர அடி போதும். இலை போட்டுப் பந்தியாகச் சாப்பிட, பரிமாறுகிறவர் நடக்கிற வழியையும் சேர்த்து ஆளுக்கு 10 முதல் 12 சதுர அடி வேண்டும். 40 பேர் என்றால் 400 சதுர அடிக்கு மேல். 15-க்கு 20 அடிக் கூரை 300 சதுர அடிதான், ஆகவே இரண்டு பந்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள் அல்லது பக்கத்துக் கூரையையும் சேர்த்துக் கேளுங்கள். கூரையின் நிழலும் எப்போதும் கூரைக்கு நேர் அடியில் விழுவதில்லை. அரியமான் கரை வடக்குப் பார்த்தது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் நண்பகல் நிழல் கடல் பக்கம் தள்ளி விழும், பாயை அந்தப் பக்கம் நகர்த்தினால் போதும். சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணி நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நிழலும் கூரைக்குக் கீழேயே நிற்கும். ஆனால் எந்த மாதமானாலும் பிற்பகல் 3 மணிக்கு மேற்கிலிருந்து வெயில் உள்ளே நுழைந்து பாதித் தரையைப் பிடித்துக்கொள்ளும். மேற்குப் பக்கத் தூண்கள் இரண்டுக்கும் இடையே எத்தனை அடி என்று அளந்து, அந்த அளவுக்குத் தார்ப்பாயோ பழைய சேலையோ கொண்டு போகத் திட்டமிடுங்கள்.

கழிப்பறைக் கதவு பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம், குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள். பெண்கள் அதிகம் போகிற கூட்டத்துக்குக் கூரையைவிட இதுதான் முக்கியம்.

மனு நீளமாக இருக்க வேண்டாம். இந்த அளவு போதும்:

அனுப்புநர்: பெயர், முழு முகவரி, கைப்பேசி எண்.
பெறுநர்: ஊராட்சி மன்றத் தலைவர் அல்லது தனி அலுவலர், ஊராட்சியின் பெயர், மண்டபம் ஊராட்சி ஒன்றியம், ராமநாதபுரம் மாவட்டம்.
பொருள்: கடற்கரை நிழற்குடையை ஒரு நாள் பயன்படுத்த அனுமதி கோருதல் தொடர்பாக.
ஐயா/அம்மா, வரும் (தேதி) ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை, நுழைவாயிலிலிருந்து கிழக்கே மூன்றாவதாக உள்ள நிழற்குடையை எங்கள் குடும்பத்தார் கூடுவதற்காக ஒதுக்கித் தர வேண்டுகிறோம். பெரியவர்கள் 28, சிறுவர்கள் 12. வேன் 1, கார் 2. அடுப்பு மூட்டமாட்டோம், ஒலிபெருக்கி வைக்கமாட்டோம், குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்வோம். உரிய கட்டணத்தைச் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்கிறோம்.

“கிழக்கே மூன்றாவது” என்பதுபோல இடத்தைச் சுட்டி எழுதுவது முக்கியம். “ஒரு நிழற்குடை” என்று மட்டும் எழுதினால் அன்றைக்கு ஓடு உடைந்த கூரைதான் மிஞ்சும். இரண்டு படி எழுதி, ஒன்றில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண ஞாயிறுக்கு 15 நாள் முன்னால், விடுமுறைக் காலத்துக்கு ஒரு மாதம் முன்னால் கொடுத்தால் நல்லது.

பணம் கட்டும்போது ரசீது அச்சிட்ட எண்ணோடு இருக்க வேண்டும். அதில் தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எந்தக் கூரை, எவ்வளவு தொகை, அதில் கட்டணம் எவ்வளவு, திருப்பித் தருகிற வைப்புத்தொகை எவ்வளவு என்பதெல்லாம் இருக்கட்டும். வைப்புத்தொகையைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். ஒரே தொகையாக எழுதிவிட்டால் மாலையில் திருப்பிக் கேட்க வழியில்லை. கூகுள் பே மூலம் கட்டுவதானால் கணக்கு அலுவலகத்தின் பெயரில் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள், தனி ஆளின் எண்ணுக்கு வேண்டாம். நுழைவு, வாகனம், வீடியோ காமிரா இவற்றுக்கு வாசலில் தனியே வாங்குவார்களா என்றும் கேட்டு வையுங்கள். மழை, புயல் வந்தால் பணம் திரும்புமா, வேறு தேதி தருவார்களா என்று கேட்டு, சொன்ன பதிலை ரசீதின் பின்புறம் எழுதி வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பதிவு செய்கிறவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

தேதியைப் பொறுத்தவரை, காணும் பொங்கலன்று பதிவு செய்த கூரையையும் கூட்டம் நிரப்பிவிடும், அன்று போகாமல் இருப்பதே மேல். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் ராமேசுவரம், தேவிபட்டினம், சேதுக்கரை போகிற வண்டிகளால் சாலை அடைத்துக்கொள்ளும். செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. இரண்டையும் ஒட்டி மாவட்ட நிர்வாகம் தடை உத்தரவு போட்டு, வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வைக்கும். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வருகிறவர்கள் அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நன்மை உண்டு. ராமேசுவரம் விசைப்படகுகள் பொதுவாகத் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள் காலை திரும்பும், ஞாயிறு காலை மீன் தாராளமாகக் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் அதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

போவதற்கு முந்தின நாள் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பாருங்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் அன்றே தள்ளி வைத்துவிடுங்கள். தென்கடல் பக்கம் போகிறவர்கள் கள்ளக்கடல் எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கிற நாளிலும் எங்கோ தெற்கே கிளம்பிய அலை வந்து கரையோரத்தில் வைத்த பாத்திரத்தை எல்லாம் இழுத்துக்கொண்டு போகும்.

அன்று காலை ஏழரைக்கு இரண்டு பேரை ரசீதோடும் பாயோடும் முன்னால் அனுப்புங்கள். வேறு குடும்பம் உட்கார்ந்திருந்தால் சண்டை வேண்டாம். ரசீதைக் காட்டி, காவலாளியையோ செயலரையோ போனில் அழைத்து அவரையே பேச விடுங்கள். அவர்களும் சின்னப் பிள்ளைகளோடு வந்தவர்கள்தான், ஒரு மூலையில் இடம் கொடுத்தால் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

தார்ப்பாயைத் தூணில் கயிற்றால் கட்டுங்கள், ஆணி அடித்தால் வைப்புத்தொகை போகும். 20 மீட்டர் நைலான் கயிறு போதும். கீழ் முனையை இறுக்கிக் கட்டாமல் ஒரு முழம் விட்டுக் கட்டினால் காற்று அடியில் புகுந்து போகும், துணி கிழியாது. குடிநீர் ஆளுக்கு 3 லிட்டர் கணக்கு. 40 பேருக்கு 120 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஆறு. கைகழுவ, கால் கழுவ 200 லிட்டர் டிரம் ஒன்று தனியாக வேண்டும். கரையில் கிடைக்கிற ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உப்பு, அதை நம்ப முடியாது. சோற்றை வீட்டிலேயே சமைத்து அண்டாவில் கொண்டு வந்துவிடுவது நல்லது. சவுக்குத் தோப்பில் காய்ந்த சருகு மெத்தை போலக் கிடக்கும், ஒரு பொறி விழுந்தால் கச்சான் காற்றில் தோப்பே பற்றிக்கொள்ளும். சூடாக்க அனுமதி வாங்கியிருந்தால் சுற்றிலும் 6 அடிக்குச் சருகைக் கூட்டி ஒதுக்கி, ஈரமணல் ஒரு வாளி பக்கத்தில் வைத்த பிறகு அடுப்பைப் பற்ற வையுங்கள்.

தட்டு, டம்ளர் விஷயத்தில் வாழை இலையும் எவர்சில்வர் டம்ளரும் போதும். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டும் டம்ளரும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. அரியமான் கரையில் காற்று கடலை நோக்கி அடிக்கிற மாதங்களில் பறக்கிற ஒவ்வொரு டம்ளரும் நேரே பாக் நீரிணைக்குப் போய்ச் சேரும். அதே காற்றுதான் பிள்ளைகளின் காற்றடைத்த டியூபையும் பந்தையும் இழுத்துப் போகும். அலை இல்லாத கடலைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். டியூபோடு குழந்தையைத் தண்ணீரில் விடாதீர்கள், பந்து போனால் போகட்டும் என்று முன்பே சொல்லி வையுங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பெரியவர் கடல் பக்கம், பிள்ளைகளுக்கு வெளியே நிற்க வேண்டும். சொறிமீன் பட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீரிலேயே கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும். திருக்கை முள் குத்தினால் தாங்குகிற அளவு வெந்நீரில் காலை வைத்து, மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அதற்காகவே ஒரு பிளாஸ்க் வெந்நீர் தனியாக இருக்கட்டும்.

மாலை நாலரைக்கே கூட்ட ஆரம்பித்துவிடுங்கள். எச்சில் இலையை மண்ணில் புதைத்தால் இரவில் நாய் தோண்டி இழுக்கும், சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றுங்கள். சுத்தமான தரையைக் காலையில் எடுத்த அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து, காவலாளியை நேரில் அழைத்துக் காட்டி, வைப்புத்தொகையை வாங்கிக்கொண்ட பிறகு வண்டியைக் கிளப்புங்கள்.