டாட்காட் டியூனிங்ல ஐரிஷ் ஜிக் வாசிக்கலாம் வாங்க

ஐரிஷ் டான்ஸ் டியூன் எல்லாம் ஃபிடில், ஃப்ளூட், பைப்னு அதுக்குன்னே உருவானது, கிட்டார் 20ம் நூற்றாண்டுலதான் உள்ள வந்துச்சு. அதனால நார்மல் டியூனிங்ல மெலடி எடுத்தா விரல் தடுமாறும், அதுக்குத்தான் இந்த டாட்காட், அதாவது 6வது கம்பிலேர்ந்து 1வது வரைக்கும் டி-ஏ-டி-ஜி-ஏ-டின்னு வைக்கிற டியூனிங். 1960கள்ல டேவி கிரஹாம்னு ஒரு பிரிட்டிஷ் கிட்டார்காரர் மொராக்கோ போயி அங்க ஊத் (அரபு தந்தி வாத்தியம்) வாசிக்கிறவங்களோட சேந்து வாசிக்கத் தோதா இத புடிச்சாரு, அப்புறம் ஐரிஷ் ஆளுங்க கைக்குப் போயிடுச்சு.

மொதல்ல டியூனிங். 6 (தடிச்ச கம்பி), 2, 1 (மெல்லிசு கம்பி) இந்த மூணு கம்பிய மட்டும் ஒரு முழு சுரம் இறக்குங்க, மத்தத தொடாதீங்க. 6ம் 1ம் ‘டி’, 2வது ‘ஏ’. டியூனர் இல்லன்னா 4வது கம்பியோட 6, 1 ரெண்டையும், 5வதோட 2வதையும் ஒப்பிட்டுப் பாருங்க, ஸ்தாயி மாறுமே தவிர ஒரே சுரமா கேக்கணும்.

அடுத்து தாளம், இதுதான் உயிரே. ஜிக்ங்கிற இந்த டான்ஸ் டியூன் பெரும்பாலும் 6/8, அதாவது தகிட தகிட. கிட்டார கீழ வச்சிட்டு கால் தட்டி வாயால சொல்லுங்க, ரெண்டு ‘த’லயும் கால் விழணும். இது உடம்புல ஏறாம விரல் எவ்ளோ ஓடினாலும் அது ஆடுற பாட்டா இருக்காது, நெசமா சொல்றேன்.

இப்ப கட்டைவிரல் மட்டும். மொத ‘த’க்கு 6வது கம்பி, ரெண்டாவது ‘த’க்கு 5வது, ரெண்டும் ஓபன், அதாவது எந்த ஃப்ரெட்டையும் அமுக்காம. தூக்கத்துல கூட வர்ற அளவுக்கு ஓட்டுங்க. அப்புறம் மேல மெலடி: 1வது கம்பில ஓபன், 2வது ஃப்ரெட், 4வது ஃப்ரெட், இது ஒரு தகிட. திரும்ப 2வது ஃப்ரெட், ஓபன், அப்புறம் 2வது கம்பி ஓபன், இது அடுத்த தகிட. ஓபன் கம்பிங்கள அமுக்காம ஒலிக்க விடுங்க, ஹார்ப் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு படியும், அந்த சத்தத்துக்காகத்தான் நான் இந்த டியூனிங்க விடவே மாட்டேங்கிறேன்.

அலங்காரத்துக்கு ‘கட்’ ஒண்ணு போதும். 2வது ஃப்ரெட் சுரமே அடுத்தடுத்து ரெண்டு தடவ வந்தா, ரெண்டாவது தடவ 4வது ஃப்ரெட்ட தொட்டு மீட்டி ஒடனே விரல சுண்டி 2க்கு விடுங்க, கண்ண சிமிட்டுற நேரம்தான், ஃப்ளூட்காரங்க சுரத்த பிரிக்கிறதும் இப்டித்தான்.

பெரும்பாலான ஜிக் 8 பார்ல (ஒரு பார்னா ரெண்டு தகிட) ஒரு பாகம் ரெண்டு தடவ, அடுத்த 8 பார் ரெண்டு தடவ, மொத்தம் 32 பார். முழுசையும் ஒரே நாள்ல எடுக்காம தினம் 2 பார், மெட்ரோனோம்ல தகிடக்கு ஒரு தட்டு 60ல வச்சு, கால் தட்டிக்கிட்டே.