போர் நியாயமா என்று புறநானூற்றைக் கேட்பது எப்படி

முன்னுரையிலிருந்து தொடங்காதீர்கள். நான் அப்படித் தொடங்கித்தான் இரண்டு முறை பாதியில் மூடிவைத்தேன்.

நேராக 9-ஆம் பாட்டுக்குப் போங்கள். பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை பெறாதவர்கள் எல்லாரும் பாதுகாப்பான இடம் தேடிக்கொள்ளுங்கள், அம்பு விடப்போகிறோம் என்று அறிவித்துவிட்டுப் போரிடும் அரசனை நெட்டிமையார் புகழ்கிறார். முறையாக நடத்தினால் போர் சரி என்கிற கட்சி. ஓரத்தில் பென்சிலால் 'பேசுவது யார்?' என்று எழுதுங்கள். அரசனைப் பாட வந்த புலவர்.

அப்புறம் 45. ஒரே சோழர் குடியைச் சேர்ந்த நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் நடுவே புலவர் கோவூர் கிழார் நிற்கிறார். இருவர் தலையிலும் சோழரின் ஆத்திக் கண்ணி. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான், இருவரும் வெல்வது நடக்காது என்கிறார். உபதேசமே இல்லை, வெறும் கணக்கு. எனக்குப் பிடித்த வாதம் இதுதான்.

112-ஐ வாய்விட்டுப் படியுங்கள், ஐந்தே வரி. அன்றைய நிலவில் தந்தை இருந்தார், குன்றும் எங்களுடையது. இன்றைய நிலவில் இரண்டும் இல்லை என்கிறார்கள், போரில் கொல்லப்பட்ட வள்ளல் பாரியின் மகளிர். உரையை உடனே பார்க்க வேண்டாம்.

நேரமிருந்தால் கிரேக்கக் காவியம் இலியட்டின் 24-ஆம் பகுதி: தன் மகனைக் கொன்றவன் கையை டிராய் அரசன் பிரியாம் முத்தமிடுகிறான்.

சரி, இப்போது மறுபடி 9. குன்றையே இழந்தவர்கள் எந்தப் பாதுகாப்பான இடத்துக்குப் போவது? அதையும் ஓரத்தில் எழுதிவையுங்கள்.