பிள்ளைகளைப் பலகையில் ஏற்றாதீர்கள்

போன சனிக்கிழமை பக்கத்துத் தோட்டத்து பாலாய் ராயாவுக்கு, அதாவது பொதுக் கூடத்துக்கு, போயிருந்தேன். பருமனான பிள்ளைகளை வீடியோ கேம் மூலம் உடம்பை அசைக்க வைக்கும் வகுப்பொன்றை இரண்டு இளைஞர்கள் புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள். ரிமோட்டைக் கையில் பிடித்து உடம்பை அசைத்து ஆடும் பழைய நிண்டெண்டோ வீ கருவி ஒன்று, ஒரு டிவி, இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பத்துப் பேர். நல்ல மனசுதான். ஆனால் சுங்கை சிப்புட்டில் ஒரு காலத்தில் இதே மாதிரி வகுப்பு நடத்தியபோது நான் செய்த கோளாறுகளை வரிசை மாறாமல் செய்துகொண்டிருந்தார்கள். ஒயர் தடுக்குவது, ரிமோட் கைநழுவி டிவியில் மோதுவதெல்லாம் தானாகவே புரிந்துவிடும். அதை விடுங்கள்.

எல்லார் முன்னாலும் எடை பார்ப்பது

வீ ஃபிட் விளையாட்டோடு ஒரு வெள்ளைப் பலகை வரும். ஏறி நின்றால் எடை பார்த்து, நாம் கொடுத்த உயரத்தையும் வைத்து பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்ணை, கணக்குப் போடும். அதோடு விடாது. எடை கூடுதலென்றால் திரையில் நமக்குப் பதிலாக நிற்கும் பொம்மை அங்கேயே உப்பும்.

எனக்கு அது வேடிக்கையாகத் தெரிந்தது. முதல் நாளே எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஏற்றினேன். படிவம் மூன்று படித்த ஒரு பெண், லயத்திலிருந்து தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். பொம்மை உப்பியது. ஒரு பையன் "பூசணிக்கா" என்றான். கூடம் முழுக்கச் சிரிப்பு. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்தேன். அவள் இறங்கி, சிலிப்பரைக்கூடச் சரியாக மாட்டாமல், தம்பியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வீட்டுக்குப் போனேன். அம்மா அடுப்படியை விட்டு வராமலே சொன்னார்: "அவ வரமாட்டா சார், நீங்க போங்க."

அதே மாதிரிப் பலகை போன சனிக்கிழமை அந்த இளைஞர்களின் கூடத்தின் நடுவில் கிடந்ததைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. வளரும் பிள்ளைகளின் பிஎம்ஐயை வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்துத்தான் படிக்க வேண்டும். பெரியவர்களுக்கான அளவுகோல் அவர்களுக்குப் பொருந்தாது. எடை தெரிய வேண்டுமென்றால் கிளினிக் இருக்கிறது, தாதி இருக்கிறார், கதவு சாத்திய அறை இருக்கிறது.

விளையாட்டு முதலில் எடை கேட்கும் என்பதால் என் பெயரிலேயே ஒரு கணக்குத் திறந்து வைத்திருக்கிறேன். திரையில் உப்புவது என் தொப்பை. பிள்ளைகளுக்கு நோட்டில் எழுதுவது ஒன்றுதான்: இன்றைக்கு நிற்காமல் எத்தனை நிமிடம் ஆடினார்கள்.

போட்டி வைப்பது

அமெரிக்காவில் 15 முதல் 19 வயதுப் பருமனான பிள்ளைகளை 20 வாரம் வீயில் ஆடவிட்டுப் பார்த்தார்கள். ஜோடி சேர்ந்து ஒரே இலக்குக்கு ஆடியவர்களுக்குச் சராசரியாக 1.65 கிலோ குறைந்தது. ஆடாதவர்களுக்குக் குறையவில்லை. ஒருவரையொருவர் ஜெயிக்க ஆடியவர்களிடம் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் கூடத்திலும் அப்படித்தான், தோற்கிறவன் மூன்றாம் வாரம் வரமாட்டான்.

வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது

ஹூஸ்டனில் 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டுகளை வீட்டுக்கே கொடுத்தார்கள். 2012இல் முடிவு வெளியானது: உட்கார்ந்து ஆடும் விளையாட்டு கிடைத்த பிள்ளைகளைவிட இவர்கள் ஒன்றும் அதிகமாக அசையவில்லை. யாராவது கூட நிற்க வேண்டும்.

நிமிடக் கணக்கு

உலகச் சுகாதார நிறுவனம் இந்த வயதுக்குச் சொல்வது நாளுக்குச் சராசரி 60 நிமிட உடலசைவு. நாலு பேருக்கு ஒரு ரிமோட் என்றால், ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு 15 நிமிடம்தான். காத்திருப்பவர்களும் பின்னால் நின்று கூடவே ஆடட்டும்.

தே தாரிக்

ஆடி முடிந்ததும் இந்த இனிப்புப் பால் தேநீரை வாங்கிக் கொடுக்காதீர்கள். தண்ணீர் போதும்.

தீபாவளி விடுமுறை

மூடாதீர்கள். நான் இரண்டு வாரம் மூடினேன். பதினொரு பேரில் நாலு பேர்தான் திரும்பி வந்தார்கள்.