தனிப் படகு பேசலாமா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் நடக்கிற தவறுகள்

கோடை லீவுக்கு ஆலப்புழை, அரையாண்டு லீவுக்குப் பிச்சாவரம், சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு முட்டுக்காடு. சென்னைக் குடும்பங்களின் படகுச் சவாரி பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். எந்தப் படகுத் துறையில் போய் நின்றாலும் கேள்வி ஒன்றுதான்: கூட்டத்தோடு கூட்டமாகப் போவதா, நமக்கென்று தனியாகப் பேசுவதா?

தனிப் படகில் நாம் காசு கொடுத்து வாங்குவது இருக்கையை அல்ல. எப்போது கிளம்புவது, எங்கே நிறுத்துவது, எப்போது திரும்புவது என்று சொல்லும் உரிமையைத்தான் வாங்குகிறோம். அந்த உரிமையைப் பயன்படுத்த முடியாத நேரத்திலும் இடத்திலும் தனிப் படகு எடுப்பது தண்டச் செலவு. இங்கே சொல்லப்போகிற தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறப்பதால் வருபவைதான்.

பணத்தில் பெரிய அடி விழுவது ஆலப்புழை ஹவுஸ்போட்டில். "இருபத்தியோரு மணி நேரம் சாரே" என்று புரோக்கர் சொல்வதில் பொய் இல்லை. மதியம் 12 மணிக்கு ஏறி, மறுநாள் காலை 9 மணிக்கு இறங்குகிறோம். ஆனால் படகு ஓடுவது எத்தனை மணி நேரம்? ஏறியதும் ஒன்றரை மணி நேரம் ஓடும். பிறகு சாப்பாட்டுக்காக ஒரு மணி நேரம் கரையோரம் கட்டிவிடுவார்கள். இரண்டரைக்குக் கிளம்பினால் ஐந்தரை வரை. அதன் பிறகு வேம்பநாட்டுக் காயலில் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம், ஹவுஸ்போட் ஓடக் கூடாது. காலையில் டிபன் முடித்து 8 மணிக்கு அவிழ்த்தால் ஒரு மணி நேரத்தில் துறை வந்துவிடும். கூட்டிப் பாருங்கள், ஐந்தரை மணி நேரம். மீதி பதினைந்தரை மணி நேரம் அது தண்ணீர் மேல் கட்டிப்போட்ட லாட்ஜ் அறை. பல படகுகளில் ஏசியும் இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 6 மணிக்கு அணைத்துவிடுவார்கள். மே மாத மதிய வெயிலில் குழந்தை அழும்போதுதான் அது தெரியவரும்.

படகுக்கு 13,200 ரூபாய் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தொன்றால் வகுத்தால் மணிக்கு 629 ரூபாய், மலிவாகத் தெரியும். ஐந்தரையால் வகுத்தால் 2,400. இரண்டு தம்பதிகளும் பிள்ளைகளுமாக ஆறேழு பேர் என்றால், அறை வாடகையும் மூன்று வேளைச் சாப்பாடும் அதற்குள் வந்துவிடுவதால் இது நியாயமான விலைதான். கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் கரையில் அறை எடுத்துக்கொண்டு, காலையில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு ஷிகாரா (கூரை போட்ட சின்னப் படகு) பேசுவது மேல். காயலைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகில் ஆலப்புழையிலிருந்து கோட்டயம் வரை சுமார் இரண்டரை மணி நேரம் போகலாம். டிக்கெட் சில பத்து ரூபாய்தான், ஊர் ஜனங்களோடு போகும் வேடிக்கைக்குக் கட்டணம் இல்லை.

பெரிய படகு என்றால் நிறையப் பார்க்கலாம் என்று நினைப்பது அடுத்தது. நடப்பது நேர் எதிர். இரண்டு மூன்று படுக்கையறை வைத்த ஹவுஸ்போட் அகலமான கால்வாயை விட்டு உள்ளே வராது. வீடுகளின் வாசற்படியை ஒட்டி, துணி துவைப்பவர்களைத் தாண்டிப் போகிற ஒடுங்கிய சின்னக் கால்வாய்களுக்குள் சின்னப் படகுதான் நுழையும். பிச்சாவரத்திலும் இதே கதை. சென்னையிலிருந்து 230 கிலோமீட்டருக்கு மேல் காரோட்டி வந்த அலுப்பில், சீக்கிரம் முடியட்டும் என்று மோட்டார் போட் டிக்கெட் எடுப்பார்கள். அது அகன்ற நீர்வழியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிடும். தலைக்கு மேல் கிளைகள் கோத்துக்கொண்டு, சுரபுன்னை (மாங்குரோவ்) வேர்கள் கைக்கு எட்டுகிற சந்துகளுக்குள் துடுப்புப் படகுதான் போகும். அதிலும் தண்ணீர் வற்றியிருக்கும் நேரமென்றால் படகு தரை தட்டும். டிக்கெட் எடுக்கும் முன்பே "உள் கால்வாய்க்குள் இப்போது போக முடியுமா?" என்று துடுப்புப் போடுபவரிடம் கேட்டுவிடுங்கள். பாதி வழியில் கேட்டால் பதிலோடு ஒரு கூடுதல் தொகையும் வரும்.

முட்டுக்காட்டில் தனிப் படகு வேண்டும் என்று யாரிடமும் போய்ப் பேச வேண்டியதே இல்லை. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் போட் ஹவுஸில் டிக்கெட் பெரும்பாலும் படகுக்குத்தான், தலைக்கு அல்ல. இத்தனை பேர், இத்தனை நிமிடம் என்று கவுண்ட்டரிலேயே எழுதியிருக்கும். குடும்பம் ஏறினால் அதுவே தனிப் படகு. இங்கே செய்கிற தவறு நேரத்தில். ஞாயிறு மாலை 4 மணிக்கு ஈசிஆர் நெரிசலைக் கடந்து வந்து, வரிசையில் நின்று, அரை மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். காலையில் கவுண்ட்டர் திறக்கும்போது போனால் அதே காசுக்குக் கூட்டமும் இல்லை, காற்றும் இல்லை.

காற்று விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சென்னைக் கரையில் விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று வீசும், தண்ணீர் தட்டையாக இருக்கும். நிலம் சூடேறியதும், கோடையில் பெரும்பாலும் நண்பகலை ஒட்டி, கடற்காற்று திரும்பி அடிக்கும். வியர்த்துக் கிடக்கும் ஊருக்கு அது வரம். சின்னப் படகில் இருப்பவருக்கு அது படகின் முன்பக்கத்தில் மோதித் தெறிக்கிற அலை. கடலுக்குள் போகிற சவாரி எதுவானாலும் காலை 6 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். மாலை சூரிய அஸ்தமன சவாரி என்று சென்னையில் யாராவது கூடுதல் காசு கேட்டால் ஒரு நொடி யோசியுங்கள். நம் கடல் கிழக்கே இருக்கிறது, சூரியன் அடையாறு, வேளச்சேரி மாடிகளுக்குப் பின்னால் மறைகிறது. உதயத்துக்குக் கொடுக்கலாம் காசு.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலும் அன்று கடல் சவாரி கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அலை உயரத்துக்கும், கள்ளக்கடல் (முன்னறிகுறி இல்லாமல் திடீரென்று பொங்கும் கடல்) எச்சரிக்கைக்கும் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் மையத்தின் அறிவிப்பை முந்தின நாள் மாலையே பார்த்துவிடலாம்.

இனி, உயிரோடு விளையாடுகிற தவறு. மீன்பிடிப் படகைச் சவாரிக்குப் பேசுவது. பழவேற்காட்டிலும் வேறு குப்பங்களிலும் "ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்" என்று கேட்பது சகஜம், நாம் தேடிப் போய்க் கேட்பதும் சகஜம். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் இருட்டிய பிறகு ஓடிய படகு கவிழ்ந்ததிலும் 22 பேர். அது மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய சுற்றுலாப் படகு. காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமானது அல்ல. மீன்பிடிப் படகில் ஐஸும் மீனும் அடியில் இருக்கும், பாரம் கீழே. அதே உடலின் மேல் தளம் போட்டு ஆட்களை ஏற்றினால் பாரம் மேலே போய்விடுகிறது. எல்லோரும் ஒரு பக்கம் நகர்ந்தால் நிமிர முடியாது. சுற்றுலாவுக்கென்றே கட்டிய படகும் இதற்கு விலக்கல்ல. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டு தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தபோது, விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகவே ஏறும் முன் படகின் மேல் எழுதியிருக்கும் பதிவு எண்ணையும், எத்தனை பேருக்கு அனுமதி என்பதையும் படியுங்கள். கைக்குழந்தையையும் ஓர் ஆளாக எண்ணுங்கள். எழுத்தே இல்லையென்றால் ஏறாதீர்கள்.

லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டுத் தலையாட்டுவது போதாது, கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். மூன்று கொக்கியும் "டக்" என்று மாட்ட வேண்டும். உடைந்த கொக்கிக்குப் பதில் கயிறு முடிந்திருந்தால் வேறொன்று கேளுங்கள். மாட்டியபின் இரண்டு தோள் பட்டையையும் பிடித்து மேலே இழுங்கள். ஜாக்கெட் தாடையைத் தாண்டிக் காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை, தண்ணீரில் உங்களை விட்டுவிட்டு அது மட்டும் மிதக்கும். குழந்தைகளுக்குக் கால் இடுக்கு வழியாக வரும் பட்டை இருந்தே ஆக வேண்டும். பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்குச் சுற்றிக் கட்டுவதில் பயனில்லை. உள்ளே லேபிளில் எழுதியிருக்கும், மிதக்கவைக்கும் திறனைச் சொல்லும் எண்ணையும் பார்க்கலாம்: 50 என்றால் நீச்சல் தெரிந்தவருக்கு, கரை பக்கத்தில். 100 ஏரிக்கும் காயலுக்கும். கடலுக்குள் 150.

தனிப் படகு உண்மையிலேயே பிரயோஜனப்படும் இடங்களும் உண்டு. அடிக்கடி பாத்ரூம் போக வேண்டிய பெரியவர்கள் கூட வந்தால், ஐந்து வயதுக்குக் கீழே இரண்டு பிள்ளைகள் இருந்தால், காலை ஆறு மணிக்கே பறவைகளைப் பார்க்கக் கேமராவோடு கிளம்புபவர் என்றால், தாராளமாக எடுங்கள். குமட்டல் வருகிறவர்களுக்கும் நல்லதுதான், நினைத்தபோது திரும்பிவிடலாம். அவர்கள் எஞ்சின் புகை படாமல் படகின் நடுப்பகுதியில், பார்வையைத் தொடுவானத்தில் வைத்து உட்கார வேண்டும். மாத்திரை போடுவதென்றால் டாக்டரிடம் கேட்டு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் வாந்தியோடு அதுவும் வந்துவிடும்.

கடைசியாக, போனில் பேசி ஜிபேயில் அட்வான்ஸ் போட்டுவிடுவது. பேசியது எதுவும் எழுத்தில் இருக்காது. பணம் அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போடுங்கள்:

"அண்ணே, 14ஆம் தேதி நாங்க பெரியவங்க 4, பிள்ளைங்க 2. படகு எத்தனை மணிக்குக் கிளம்பும், மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடும்? எந்தக் கால்வாய் வழியா? பதிவு எண் தெரியுற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க. குழந்தை அளவு ஜாக்கெட் 2 இருக்கா? மழை, காத்துனால ஓடலைன்னா அட்வான்ஸ் திரும்ப வருமா?"

கேள்வி கேள்வியாகப் பதில் வந்தால் பணம் அனுப்பலாம். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார், வாங்க" என்று மட்டும் வந்தால், அதே செய்தியை அடுத்த நம்பருக்கு ஃபார்வர்டு செய்துவிடுங்கள்.